அந்தக் காப்பித் தம்ளரை அவன் எப்படித் தூக்கினான்?

சென்ற வாரம் ஓர் அமானுஷ்யக் காதல் நாவலை 41ஆம் அத்தியாயத்தில் நிறுத்திவிட்டுக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். ரயில் கல்லிடைக்குறிச்சியைத் தாண்டி வீரவநல்லூரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாவலின் நாயகன் இறந்துபோனவன். முதல் 40 அத்தியாயங்களிலும் அவனால் ஒரு கதவைத் திறக்க இயலாது. நாயகி அழும்போது அவள் கன்னத்தைத் தொட இயலாது. மழையில் நனைந்து வருகிறவளுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுக்கவும் இயலாது. அவன் குரல் மட்டும் அவளுக்குக் கேட்கும், அதுவும் அந்தப் பழைய பங்களாவின் நடுக்கூடத்தில் அவள் நிற்கும்போது மட்டும். 41ஆம் அத்தியாயத்தில் பொழுது விடிகிறது. அவன் அடுக்களைக்குள் போகிறான், காப்பி போடுகிறான், பித்தளைத் தம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து அவளை எழுப்புகிறான். அவளும் வாங்கிக் குடிக்கிறாள். அவனுக்குக் கை எப்படி வந்தது என்று அவளும் கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை.

இந்த வகைக் கதைகளை எட்டு ஆண்டுகளாகப் படித்து, படித்தவற்றுக்கு விமர்சனம் எழுதி வருகிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வரும் ரயில்தான் என் படிப்பறை. காலையில் கண் சற்றுச் சோர்ந்தால் ஆற்றுப்பாலம் வரும்போது நிமிர்ந்து தாமிரபரணியைப் பார்த்துக்கொள்வேன். சேரன்மகாதேவி தாண்டினால் நெரிசலில் நின்றுகொண்டே படிக்க வேண்டியிருக்கும். அப்படிப் படித்த கதைகளில் பேயும் உண்டு, யட்சியும் உண்டு, கந்தர்வனும் உண்டு, இரத்தம் குடிப்பவனும் பௌர்ணமியில் ஓநாயாகிறவனும் உண்டு. என் தோழிகள் பலர் இவற்றைப் பொழுதுபோக்காகப் படித்து மறக்கிறார்கள். என்னால் அப்படி மறக்க முடிவதில்லை. ஒரு காப்பித் தம்ளர் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இந்தக் கதைகள் எனக்கு முக்கியமானவை. ஏன் என்பதை இந்தப் பதிவில் எழுதிப் பார்க்கிறேன்.

எந்தக் காதல் கதைக்கும் ஒரு தடை வேண்டும். சாதி, பணம், பங்காளிப் பகை, வெளிநாட்டு வேலை என்று நம் மாத நாவல்கள் எத்தனையோ தடைகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. அமானுஷ்யக் காதல் கதையில் தடை வெளியிலிருந்து வருவதில்லை; காதலிப்பவர்களின் உடம்பிலேயே இருக்கிறது. ஒருவர் இறந்தவர், மற்றவர் உயிரோடிருப்பவர். ஒருவருக்கு மூப்பு உண்டு, மற்றவருக்குக் கிடையாது. ஒருவரின் பசிக்கு மற்றவரின் இரத்தமே உணவு. கதவைச் சாத்திய தகப்பனாரைக் கடைசி அத்தியாயத்தில் மனம் மாறச் செய்துவிடலாம். மரணத்தை மனம் மாறச் செய்ய எந்த ஆசிரியராலும் இயலாது. எனவே ஓர் ஆவியால் என்னென்ன செய்ய முடியாது என்று ஆசிரியர் முதலில் சொல்கிறாரோ, அந்த வரம்புதான் கதையின் முதுகெலும்பு. தொட முடியாதவன் தொட முடியாமலே எப்படி அன்பைக் காட்டினான் என்று பார்க்கத்தான் நான் 40 அத்தியாயங்கள் உடன் வந்தேன். காரணம் சொல்லாமல் அவன் தம்ளரைத் தூக்கிவிட்டால், அதற்கு முன்னால் அவன் பட்ட தவிப்பெல்லாம் மதிப்பற்றதாகிவிடுகிறது.

இந்தப் பிடிவாதம் ஆங்கில நாவல்களிலிருந்து எனக்கு வரவில்லை. விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் ஆச்சி வீட்டு உள்ளறையில் ஒரு பனையோலைப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு சிற்றாடை, கண்ணாடி வளையல்கள், ஒரு சீப்பு, குங்குமச் சிமிழ். ஆச்சியின் தங்கை 16 வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார். மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னியாக வீட்டில் வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் துணி அவளுக்கு. கன்னிக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்கள் புதுத்துணியைத் தொடலாம். அவளுக்கென்று பெட்டியில் வைத்ததை எங்கள் வீட்டில் வேறு யாரும் எடுப்பதில்லை. என் அம்மாவின் கல்யாணத்தில் ஏதோ அவசரத்தில் இதை மறந்துவிட்டார்கள் என்றும், தாலி கட்டும் நேரத்தில் குத்துவிளக்கு மூன்று முறை அணைந்தது என்றும், பெரிய மாமா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிற்றாடையை வைத்துக் கும்பிட்டு வந்த பிறகுதான் சுடர் நின்றது என்றும் ஆச்சி சொல்வார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அவளுக்குக் கோவமா ஆச்சி?" என்று கேட்டேன்.

"கோவம் என்னட்டி கோவம், ஏக்கம்தான். செத்தவ சும்மா வரமாட்டா. ஒரு கணக்கு நிக்கும், அதத் தீக்கத்தான் வருவா," என்றார் ஆச்சி.

சின்ன ஆச்சி என்று நான் அழைத்திருக்க வேண்டியவள், எனக்கு 17 வயது ஆனபோது என்னைவிட இளையவளாகிவிட்டாள். அந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பெட்டியைத் திறந்து சிற்றாடையின் நீளத்தைப் பார்த்தேன். அது எனக்குப் போதாது. இறந்தவர்களுக்கு வயது ஏறுவதில்லை என்பதை எந்த நாவலும் எனக்கு அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. சாகாத நாயகனைப் பார்த்து நாயகி, "எனக்கு 60 வயதாகும்போதும் நீ இப்படியே இருப்பாயா?" என்று கேட்கும் காட்சி இந்த வகை நாவல்களில் தவறாமல் வரும். பல ஆசிரியர்கள் அதை ஒரு கொஞ்சலாக எழுதிக் கடந்துவிடுகிறார்கள். ஆச்சி நரைத்த தலையோடு தன் 16 வயதுத் தங்கைக்கு வளையல் எடுத்து வைத்ததைப் பார்த்தவளுக்கு அது கொஞ்சலாகத் தோன்றாது.

'கணக்கு' என்று ஆச்சி சொன்ன சொல்லையே என் விமர்சனங்களில் இன்றுவரை அளவுகோலாக வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டில் வரும் தெய்வங்களில் பாதிப்பேர் வெட்டுப்பட்டோ வஞ்சிக்கப்பட்டோ அகாலத்தில் இறந்து, வாதை எனப்படும் துன்புறுத்தும் ஆவியாகி, பிறகு பீடம் பெற்றவர்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு, ஒரு வேளை உண்டு, வேண்டுகிற படைப்பு உண்டு, ஒரு பழைய கணக்கு உண்டு. ஆரல்வாய்மொழிக்கு அருகே முப்பந்தலில் இசக்கியம்மனாக இருப்பவளின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பி வந்த ஒருத்தியை நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொன்றுவிட்டு ஒருவன் போகிறான். சாட்சி சொல்ல அங்கே கள்ளியைத் தவிர யாருமில்லை. அடுத்த பிறவியில் அவன் செட்டியாராகப் பிறந்து அதே காட்டு வழியாக வரும்போது, கொல்லப்பட்டு நீலியாகப் பிறந்தவள் ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்," என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுது முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. ஊர் நம்புகிறது. இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடியும்போது அவன் உயிரோடு இல்லை.

இதைக் காதல் கதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அமானுஷ்யக் காதல் எழுத நினைக்கும் எவரும் இதை ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். "நீ போன பிறவியில் என்னவள்" என்று ஓர் ஆவி வந்து நிற்கும்போது, அது நீலி சொன்ன அதே வாக்கியம்தான். கண்ணீரும் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது, உறவு மட்டும் இல்லை. நாயகன் அழகாக இருக்கிறான், குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்காக அந்த வாக்கியத்தை நாயகி உடனே நம்பிவிடும் நாவல்களைப் படிக்கும்போது, கதவைச் சாத்திவிட்டுப் போன ஊர்ப் பெரியவர்களின் நினைவு வருகிறது.

வகைமையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1740இல் வில்நூவ் அம்மையார் நீளமாக எழுதி, 1756இல் போமோன் அம்மையார் சுருக்கித் தந்த அழகியும் மிருகமும் கதையில் இந்த வகையின் வித்து இருக்கிறது. 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தபோது இரத்தம் குடிப்பவன் வேட்டையாடிக் கொல்லப்பட வேண்டியவனாக இருந்தான். 2005இல் ஸ்டெபனி மேயரின் 'ட்விலைட்' வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் காதலனாகிவிட்டான். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் காதல் நாவலுக்கு இரண்டே இலக்கணம் சொல்கிறது: காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். காதலை எடுத்துவிட்டாலும் மாயமும் துப்பறிதலுமாகக் கதை தானே நிற்குமானால் அது வேறு வகை. நான் இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: அமானுஷ்யத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்குமானால், அங்கே பேய் ஒரு மாறுவேடம் மட்டுமே. நாயகனைப் பணக்காரத் தொழிலதிபராக மாற்றி எழுதினாலும் ஒரு வரிகூட மாறாத ஓநாய்க் கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

நிறைவான முடிவு என்ற அந்த இலக்கணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முத்துப்பட்டன்தான் நினைவுக்கு வருகிறார். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மலையேறிப் போகும் கூட்டத்தோடு சிறுவயதில் நானும் போயிருக்கிறேன். அங்கே பட்டவராயன் என்று கும்பிடப்படுபவர்தான் கதையின் முத்துப்பட்டன். அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டு வந்த பிராமண இளைஞன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சகோதரிகளின் பாட்டைக் கேட்டு மயங்குகிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள். தகப்பனார் உடனே பெண் கொடுத்துவிடவில்லை. குடுமியை அறுத்துவிட்டு வா, பூணூலை அறுத்துவிட்டு வா, செருப்புத் தைத்து விற்றுக் காட்டு என்கிறார். முத்துப்பட்டன் ஒவ்வொன்றையும் செய்கிறான். கல்யாணம் முடிந்த கையோடு மாட்டுக் கிடையைத் திருடர்கள் வளைத்துவிட்டார்கள் என்று செய்தி வர, போய்ப் போரிட்டு, ஒளிந்திருந்தவன் ஒருவன் கையால் இறக்கிறான். நாய் இரத்தத்தோடு ஓடிவந்து மனைவியரிடம் சேதி சொல்கிறது. அவர்களும் அவனோடு சிதையேறுகிறார்கள்.

அந்த அமெரிக்கச் சங்கத்தின் இலக்கணப்படி இது துயர முடிவு. ஆனால் இங்கே கதை சிதையோடு முடியவில்லை. மூவருக்கும் மலையடியில் இடம் கிடைத்தது. நேர்ந்துகொண்டவர்கள் தோல் செருப்பு செய்து கொண்டுவந்து அவர் சன்னதியில் கட்டுகிறார்கள்; அடுத்த ஆண்டு வந்து பார்க்கும்போது அவை தேய்ந்திருக்கும், பட்டவராயர் இரவில் அவற்றைப் போட்டுக்கொண்டு காட்டில் நடக்கிறார் என்பது நம்பிக்கை. காதலுக்காகக் கற்றுக்கொண்ட தொழில், காதலுக்காகத் தைத்த செருப்பு, இறந்த பிறகும் அவர் காலில் இருக்கிறது. நான் படித்த எந்த அமானுஷ்யக் காதல் நாவலிலும் இந்தத் தேய்ந்த செருப்புக்கு ஈடான ஒரு பொருளைப் பார்த்ததில்லை. இறந்தவனின் அன்பைச் சொல்ல அவன் கண் ஒளிர வேண்டியதில்லை, நிலவு சிவக்க வேண்டியதில்லை. தோலில் ஒரு தேய்மானம் போதும்.

இன்னொன்றும் உண்டு. நாங்குநேரிக்காரரான நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் கதை திருத்தப்பட்டதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தாங்க முடியாத காதலைத் தாங்கும்படி ஆக்க ஊர் கண்டுபிடித்த வழி அது. இன்றைய அமானுஷ்ய நாவல்களில் இதே திருத்தம் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். சாதாரணப் பெண்ணாக இருந்த நாயகி முக்கால்வாசிக் கதையில் தானும் ஒரு தேவகன்னிதான் என்று, மறைந்துபோன அரச வம்சத்தின் வாரிசு என்று தெரிந்துகொள்கிறாள். உடனே தடை காணாமல் போகிறது. நாயகன் எதையும் அறுக்க வேண்டியதில்லை, எதையும் தைக்கக் கற்க வேண்டியதில்லை. இப்படி ஒரு திருப்பம் வந்தால் என் நோட்டில் 'குடுமி அறுக்கவில்லை' என்று எழுதிவைப்பேன். எனக்கு மட்டும் விளங்கும் குறிப்பு அது. விமர்சனத்தில் விரித்து எழுதுவேன்.

முற்பிறவிப் பந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் வரும் இவ்வகைக் கதைகளில் பெரும்பாலானவை அதன்மேல்தான் கட்டப்படுகின்றன. பார்த்த கணமே இவள்தான் எனக்கென்று விதிக்கப்பட்டவள் என்று ஓநாய் நாயகனுக்குத் தெரிந்துவிடுவதும், கனவில் வந்த கோட்டையை நேரில் கண்டதும் நாயகிக்கு எல்லாம் நினைவு வருவதும் ஒன்றுதான். இதை மணிமேகலைக் காப்பியம் எவ்வளவு நுட்பமாகக் கையாண்டிருக்கிறது! மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழுதபோது மணிமேகலைக்குத் தன் பழம்பிறப்பு தெரிகிறது. அவள் அப்போது இலக்குமி. அவள் கணவன் இராகுலன் பாம்பின் நஞ்சால் இறந்தவன். இன்று தன்னைத் துரத்தி வரும் உதயகுமரனே அந்த இராகுலன். அதற்கு முன்பே அவள் நெஞ்சு அவன்பால் சென்றிருந்தது. அதை அவளே தோழி சுதமதியிடம் ஒப்புக்கொண்டவள். அத்தனை சாட்சியும் ஒரு பக்கம் நிற்க, அவள் அவனை ஏற்கவில்லை. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுத்துக்கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிடப் போய்விடுகிறாள். அந்த உருவே பிறகு விபரீதமாகிறது: மணிமேகலையைத் தன் மனைவி என்று நினைத்து, காயசண்டிகையின் கணவனான காஞ்சனன் என்ற விஞ்சையன் (வித்தியாதரன்), அவளைத் தேடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். அவன் உடலைப் பார்த்து மணிமேகலை அழுகிற இடம் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும். விதிக்கப்பட்ட துணை உண்மையாகவே விதிக்கப்பட்டவனாக இருந்தும், மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. மறுத்த பிறகும் அழும் உரிமையும் இருந்தது. நம் மொழியில் இது இருக்கும்போது, 'விதி' என்ற ஒரு சொல்லைச் சொல்லி நாயகியின் வாயை அடைத்துவிடும் நாவல்களை நான் எப்படிப் பாராட்ட முடியும்?

கண் பார்வையாலேயே மனத்தை வசப்படுத்தும் நாயகன்மாரும் இப்படித்தான். எங்கள் ஊர்களில் இடுமருந்து என்ற பேச்சு உண்டு. மகன் மனைவி சொல் கேட்டு நடந்தால், மருந்து வைத்து மயக்கிவிட்டாள் என்று மாமியார்கள் பேசுவதை எல்லோரும் கேட்டிருப்போம். மருந்து உண்மையோ பொய்யோ, அப்படி மயக்குவதைக் காதல் என்று இங்கே ஒருவரும் சொன்னதில்லை, பழியாகத்தான் சொன்னார்கள். அதே காரியத்தை நாவலில் நீலக்கண்ணன் ஒருவன் செய்தால் மட்டும் அது எப்படிக் காதலாகும்?

என் விமர்சனம் எழுதும் முறை மாறியதற்கும் இதுவே காரணம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடராக வந்துகொண்டிருந்த ஒரு கதையை 30ஆம் எபிசோடு வரை படித்துவிட்டு, மனம் நிறைந்து பாராட்டி எழுதினேன். மொழி அழகாக இருந்தது. நாயகனின் தனிமையை ஆசிரியர் மிக நன்றாக எழுதியிருந்தார். சில மாதங்கள் கழித்து ரயிலில் எனக்குப் பழக்கமான கல்லூரி மாணவி ஒருத்தி பேட்டை வரும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க நல்லாருக்குன்னு சொன்னதாலதான் முழுசா வாசிச்சேன். கடைசில அவ தூங்கும்போது அவளக் கேக்காமலே கடிச்சு அவள மாத்திட்டான்லா. அதுக்கு அவ நன்றி வேற சொல்லுதா," என்றாள். அவள் குரலில் என்மேல் கோபம் இல்லை; அது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது. அன்று மாலையே அந்தக் கதையை முடிவுவரை படித்து, என் பாராட்டை அப்படியே விட்டுவைத்து, அதற்குக் கீழே முழு விமர்சனத்தை எழுதினேன். அதன் பிறகு முடியாத தொடருக்கு நான் விமர்சனம் எழுதுவதில்லை. முடிந்த நாவலையும் இருமுறை படிக்காமல் எழுதுவதில்லை: முதல் முறை வாசகியாக, என்ன ஆகுமோ என்ற பதைப்போடு, இரண்டாம் முறை கையில் பேனாவோடு.

கதையின் கடைசி மூன்றிலொரு பங்கில் நடப்பதை நான் வெளியிடுவதில்லை. ஆனால் வற்புறுத்தல் இருந்தால், அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும், இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். திருப்பம் கெட்டுப்போகிறது என்று சில ஆசிரியர்கள் வருந்தினாலும் அந்த மாணவியின் முகமே எனக்குப் பெரிது. இலவசப் பிரதி வாங்கிப் படித்திருந்தால் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுவேன். அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் இதை அங்கே வலைப்பதிவர்களுக்கு வழிகாட்டு நெறியாகவே ஆக்கியது. இங்கே அப்படி யாரும் கேட்பதில்லை என்றாலும் படிப்பவருக்குத் தெரிய வேண்டியது அது. நட்சத்திரம் போடுவதை விட்டுவிட்டேன். மூன்று நட்சத்திரம் என்றால் மொழி நன்று, முடிவு தவறு என்றும் பொருள்படலாம். எல்லாமே சுமார் என்றும் பொருள்படலாம்.

தொடங்கிய நாவலுக்கு வருகிறேன். அதன் பங்களா மாஞ்சோலையில் இருக்கிறது. நாயகன் 1890இல் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் கணக்கராக இருந்து இறந்தவன் என்கிறார் ஆசிரியர். சிங்கம்பட்டி ஜமீனின் காடு 8,000 ஏக்கருக்கும் மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதே 1929இல்தான். அதற்குப் பிறகுதான் அங்கே தோட்டம் எழுந்தது. 1890இல் இறந்தவன் அங்கே எந்த ஏட்டிலும் கணக்கு எழுதியிருக்க முடியாது. இது வெறும் ஆண்டுப் பிழை என்று சிலர் நினைக்கலாம். ஆவி என்பது ஓர் இடத்தோடும் ஒரு காலத்தோடும் கட்டுண்டது. அந்தக் கட்டு தளர்ந்தால் ஆவியும் தளர்ந்துவிடும். அதோடு, மாஞ்சோலை என்ற பெயரைத் திருநெல்வேலிக்காரர்கள் மலையழகோடு மட்டும் நினைப்பதில்லை. 1999 ஜூலை 23 அன்று தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணி தடியடியில் கலைந்தபோது 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். இறந்தவர்களைப் பற்றிய ஒரு கதையை அந்த மலையில் வைத்து எழுதுகிறவர், அந்த மலைக்கு ஏற்கெனவே இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். அவர்களைக் கதைக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. நாயகி ஆற்றைக் கடக்கும்போது ஒரு கணம் அமைதியாக இருந்திருந்தால்கூட எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

திருநெல்வேலியில் வளர்ந்த புதுமைப்பித்தன் 'காஞ்சனை'யில் பேயை மலைப் பங்களாவுக்குக் கொண்டுபோகவில்லை. பிச்சை கேட்டு வந்தவளாக, வேலைக்காரியாக, அவள் அடுக்களைக்குள்ளேயே வந்துவிடுகிறாள். அது காதல் கதை இல்லை என்றாலும், அடுக்களை எவ்வளவு அச்சம் தரக்கூடிய இடம் என்பதை இந்த நாவலாசிரியரும் அறிந்திருக்கிறார் என்றே இரண்டாம் வாசிப்பில் எனக்குத் தோன்றியது.

ஆம், நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். 38ஆம் அத்தியாயத்தில், நான் முதல் முறை வேகமாகக் கடந்துவிட்ட ஒரு பத்தி இருக்கிறது. நாயகி பரணிலிருந்து விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைத் தம்ளரை எடுத்துப் புளிபோட்டு விளக்கி, தண்ணீர் நிரப்பி, நடுக்கூடத்தில் அவன் குரல் வரும் இடத்தில் வைக்கிறாள். "இது உங்களுக்கு," என்கிறாள். மூன்று அத்தியாயங்கள் கழித்து அவன் தூக்கி வருவது விளிம்பு நசுங்கிய அதே தம்ளர். நோட்டை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இறந்தவருக்குப் படைத்தது இறந்தவருடையது. கன்னிப் பெட்டியில் வைத்த சிற்றாடை சின்ன ஆச்சியுடையதாக இருந்ததுபோல, அந்த வீட்டிலேயே அவன் கைக்கு வசப்படும் ஒரே பொருள் அந்தத் தம்ளர்தான். அவள் கொடுத்ததால் அவனுக்குக் கிடைத்தது. அப்படியானால் இது சட்டத்தை மீறிய காட்சியே அல்ல. சட்டத்துக்குள்ளேயே இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த முதல் தொடுதல்.

ஆசிரியர் இதை நினைத்துத்தான் எழுதினாரா, அல்லது கை தானாக எழுதிவிட்டதா என்று வரிகளிலிருந்து தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்திருந்தால் என்னைப் போல் பலர் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க மாட்டார்கள். விமர்சனத்தில் 38ஆம் அத்தியாயத்தை மனமாரப் பாராட்டியிருக்கிறேன். 1890ஐத் திருத்தும்படி கேட்டிருக்கிறேன். வற்புறுத்தல் எதுவும் இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். தம்ளரை அவன் தூக்கலாம், அதில் எனக்கு இப்போது ஐயம் இல்லை. அவனுக்கு யாரும் படைக்காத அந்த அடுப்பை அவன் எப்படிப் பற்றவைத்தான் என்பதைக் கடைசி வரியில் கேட்டிருக்கிறேன்.